கும்மிடிப்பூண்டியில் ஒரு கலக்கல் கோடை

போன மே மாசம் எங்க செட்ல பாதிப் பேர் கொடைக்கானல். மீதிப் பேர் கோவா. நான்? கும்மிடிப்பூண்டி!

சிரிக்காதீங்க பாஸ். கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் முடிக்கிறவங்களுக்கு 'இன்பிளான்ட் ட்ரெய்னிங்'னு ஒரு தண்டனை உண்டு. நாலு வாரம் ஏதாவது ஒரு ஃபேக்டரிக்குப் போகணும். திரும்பி வந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் கொடுக்கணும். நிறையப் பேர் ரெண்டாவதை மட்டும் பண்ணிடுவாங்க. எனக்கு அந்த பாக்கியம் வாய்க்கலை. அப்பாவோட சிநேகிதருக்குத் தெரிஞ்சவர் புண்ணியத்துல, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரெசின் கம்பெனி. பேர் வேண்டாமே... சர்ட்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலை!

சென்ட்ரலுக்குப் பக்கத்துல மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல காலைல லோக்கல் டிரெயின் பிடிக்கணும். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு வண்டி வடக்கே போகப் போக ஜன்னல்ல வாசனை மாறும். மெட்ராஸ்ல பொறந்து வளர்ந்த எனக்கு வடசென்னைன்னா சினிமாவுல பார்த்த பாக்ஸிங் மட்டும்தான். விம்கோ நகர்ங்கிற பேர் ஒரு தீப்பெட்டி கம்பெனியால வந்துச்சுன்னு தெரிஞ்சதே எதிர் சீட் பாட்டி சொல்லித்தான்.

எண்ணூர் தாண்டினதும் அந்த இடம் வரும். ரயில் கொசஸ்தலை ஆத்து மேல போகும். ஆறா, கடலான்னு சொல்ல முடியாத தண்ணி. தூரத்துல வட சென்னை அனல் மின் நிலையத்தோட புகைபோக்கிகள். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தக் கழிமுகத்துலதான் எண்ணெய் படலம் படலமா பரவி, படகு, வலை எல்லாம் கறுப்பாச்சு. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் சந்திக்கிற இடத்துல உடனே ரெண்டும் கலந்துடும்னுதான் நானும் நினைச்சிருந்தேன். கிடையாது. உப்புத் தண்ணி கனம், அது அடியில தங்கும். நல்ல தண்ணி மேல போகும். காத்தும் அலையும் ஏறி இறங்குற கடல் மட்டமும் சேர்ந்து கலக்கினாத்தான் உண்டு. யாரோ ஒருத்தர் கலக்கணும்!

அதுக்கப்புறம் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. வயல், ஏரி, கொக்கு. கவரைப்பேட்டை தாண்டினா கடைசி ஸ்டேஷன், நம்ம ஊர். ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோக்காரர் தமிழ்ல கூப்பிட்டு, தெலுங்குல பேரம் பேசி, இந்தியில திட்டுவார். ஆந்திரா எல்லை பக்கத்துல. சிப்காட்டுக்குள்ள இரும்பு உருக்கி உருட்டுற மில்லுங்க, அதுல வேலை பார்க்கிற ஒடிசா, பீகார் பசங்க. காலை ஷிஃப்ட் மாறும்போது ரோட்ல கேக்கிற பாஷைகளை எண்ணினா நாலு தேறும்.

எனக்குக் கொடுத்த புராஜெக்ட்: 'கலக்கும் தொட்டி எண் 3-ல் கலவை நேரம் ஏன் மாறுகிறது?'

கேட்டப்போ கொஞ்சம் அவமானமா இருந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தி பெங்களூர்ல ரோபோவோட சுத்துறா. நான் தொட்டியைக் கலக்குறதைப் பார்க்கணுமாம். காபில சர்க்கரை கலக்குற வேலைதானே? இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

இருக்கு. நிறைய இருக்கு.

முதல் பாடம் கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில கிடைச்சுது. அஜிட்டேட்டர் ஆபரேட்டர் அண்ணன், வயசு நாப்பத்தஞ்சு இருக்கும், என் டம்ளரைக் காட்டி, "ஸ்பூனை வட்டமா சுத்து பாப்பா. டீத்தூளு எங்க போவுதுன்னு பாரு"ன்னார். சுத்தினேன். ஓரத்துக்குத் தூக்கியடிக்கும்னு பார்த்தா, தூள் எல்லாம் அடியில நடு மையத்துல வந்து கூடிடுச்சு. "இன்னா, புரியுதா? சுத்துறது வேற, கலக்குறது வேற."

இதே டீத்தூள் சமாசாரத்துக்கு 1926-ல ஐன்ஸ்டைன் விளக்கம் எழுதியிருக்கார்னு அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அடித்தளத்துல உரசுற தண்ணி மெதுவா சுத்தும். அதனால அடியில ஒரு ஓட்டம் ஓரத்துலேர்ந்து மையத்துக்கு வரும். அதுதான் தூளை இழுத்துட்டு வருது. ஆறுகள் ஏன் வளைஞ்சு வளைஞ்சு ஓடுதுங்கிறதையும் அதே கட்டுரையில அவர் சொல்லியிருக்கார். டீக்கடையில ஆரம்பிச்சு ஆத்துக்குப் போயிட்டார் மனுஷன்.

ஃபேக்டரி தொட்டிலயும் அதே கதைதான். உருளைத் தொட்டி, நடுவுல ஒரு தண்டு, அதுல சாய்ஞ்ச பிளேடு. தண்ணி மாதிரி சரக்கை ஊத்திச் சுத்தினா எல்லாம் ஒரே கட்டியா ராட்டினம் மாதிரி சுத்தும். நடுவுல குழி விழும். பக்கத்துல இருக்கிற துளி கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருக்கும். அதனாலதான் தொட்டிச் சுவர்ல நாலு தடுப்புத் தகடு செங்குத்தா வைப்பாங்க. தொட்டி விட்டத்துல பத்துல ஒரு பங்கோ, பன்னெண்டுல ஒரு பங்கோ அகலம். வட்டமா ஓடுற தண்ணி அதுல முட்டி, மேலயும் கீழயும் புரளும். அப்பதான் கலக்கும். டீ மாஸ்டர் ஸ்பூனே இல்லாம ஆத்தறாரே, அதுவும் இதே புரட்டல்தான்.

வேகத்தை ஏத்தினா சீக்கிரம் கலந்துடாதா? கலக்கும், ஆனா பில் வரும். தண்ணி மாதிரி சரக்குல வேகத்தை ரெண்டு மடங்காக்கினா, மோட்டார் இழுக்கிற பவர் எட்டு மடங்கு. பிளேடோட விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா முப்பத்திரண்டு மடங்கு! ரஷ்டன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் 1950-ல இந்தக் கணக்கையெல்லாம் விதவிதமான பிளேடுகளுக்கு அளந்து வெளியிட்டாங்க. எங்க பாடப் புத்தகத்துல வர்ற 'ரஷ்டன் டர்பைன்' அவர் பேர்லதான். செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணினப்போ இவர் ஒரு ஆள்னே எனக்குத் தோணலை.

ரெண்டாவது நாள் மதியம் கரன்ட் போச்சு. நான் சந்தோஷமா செல்லை எடுத்தேன். அண்ணன் ஓடினார். நிஜமாவே ஓட்டம். பக்கத்து ஷெட்ல சூடா இருந்த ரியாக்டர்ல அஜிட்டேட்டர் நின்னுடுச்சு. ஜெனரேட்டர் பிடிச்சு, தண்டு மறுபடி சுத்துற சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் கண்ணு டெம்பரேச்சர் முள்ளைவிட்டு நகரலை. "எதுக்குண்ணே இவ்வளோ டென்ஷன்?"னு கேட்டதுக்கு, "நின்ன சரக்கு எங்க சூடா கீது, எங்க ஆறி கீதுன்னு யாருக்குத் தெரியும்?"னார்.

அன்னிக்கு ராத்திரி இத்தாலிக் கதை ஒண்ணைப் படிச்சேன். 1976 ஜூலை 10, சனிக்கிழமை. மிலான் பக்கத்துல மேதாங்கிற ஊர்ல ஒரு கெமிக்கல் பிளான்ட். வாரக் கடைசிக்கு மூடணும்னு ஒரு பேட்ச்சை பாதியிலயே நிறுத்தினாங்க. நீராவியை மூடி, கொஞ்ச நேரத்துல அஜிட்டேட்டரையும் நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா சரக்குக்கு மேல இருந்த தொட்டிச் சுவர் இன்னும் கொதிச்சிட்டிருந்துச்சு. கலக்க ஆள் இல்லாததால, மேல்பரப்புல இருந்த மெல்லிய அடுக்கு மட்டும் அந்தச் சூட்டை வாங்கிச்சு. அங்கேயே ஒரு எதிர்வினை ஆரம்பிச்சு, ஆறேழு மணி நேரம் கழிச்சு, மதியம் 12:37-க்கு வால்வு பிச்சுக்கிட்டு டையாக்ஸின் மேகம் பக்கத்து ஊர் செவேசோ மேல போய்ப் படிஞ்சுது. ஐரோப்பாவோட தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்துக்கே 'செவேசோ'ன்னுதான் பேர். மூணாம் நம்பர் தொட்டி அவ்வளோ பயங்கரம் கிடையாது, அதுல சூடே பண்றதில்லை. ஆனாலும் மறுநாள்லேர்ந்து 'தொட்டி கலக்குற வேலை'ன்னு நான் யார்கிட்டயும் கிண்டலா சொல்லலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் செஞ்ச தப்புக்கு.

மூணாம் நம்பர் தொட்டி 5,000 லிட்டர். கெட்டி ரெசின்ல கலர் பேஸ்ட்டைக் கலந்து அனுப்புவாங்க. கலந்ததும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல சாம்பிள் எடுத்து க்யூ.சி.க்குப் போகும். சில பேட்ச் ஒரு மணி நேரத்துல பாஸ் ஆகும். சில பேட்ச் டிரம்ல பிடிக்கும்போது கலர் கோடு கோடா வந்து, திரும்பத் தொட்டிக்கே வரும். ஏன்?

எஸ்.ஓ.பி. பேப்பர் சொல்றது: நிமிஷத்துக்கு 40 சுத்து, ஒரே சீரா, 60 நிமிஷம். நான் ரெண்டு வாரம் டிரைவ் பேனல்ல வேகத்தைக் குறிச்சு கிராஃப் போட்டேன். எல்லா ஷிஃப்ட்லயும் கோடு நேரா இருக்கு. ஒரே ஒரு ஆள் ஷிஃப்ட்ல மட்டும் இ.சி.ஜி. மாதிரி ஏறி இறங்குது. 25, 60, 30, 55... நம்ம அண்ணன்!

எனக்கு ஏக குஷி. கண்டுபிடிச்சுட்டேன்ல! இரண்டாவது வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன்ல, அந்த கிராஃபைச் சிவப்புல போட்டு, 'விதிமுறை மீறல்'னு தலைப்பு கொடுத்தேன். புரொடக்ஷன் மேனேஜர், "குட் ஃபைண்டிங்"னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட மெதுவா, "மெமோ டைப் பண்ணச் சொல்லுங்க"ன்னார்.

மெமோன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் கேன்டீன்ல ஒருத்தர் சொன்னார். அண்ணன் பதினோரு வருஷமா அங்க கான்ட்ராக்ட் ஆள். ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. ரெண்டாவது வந்தா கான்ட்ராக்டர் கேட் பாஸைத் திருப்பி வாங்கிடுவார். அவ்வளவுதான்.

டீக்கடையில அவர் முகத்தை என்னால பார்க்க முடியலை. அவருக்கு விஷயம் தெரிஞ்சிருந்துச்சு. கோபப்படுவார்னு பார்த்தா, டீயை உறிஞ்சிட்டு, "நீ எழுதினது கரெக்டுதான் பாப்பா. நான் ஏத்தி எறக்கித்தான் ஓட்டுறேன்"ன்னார்.

"ஏன்ண்ணே?"

"ஒரே மாதிரி சுத்தினா உள்ள வளையம் நின்னுடும். அது கலைய மாட்டுது."

வளையமா? என்ன வளையம்? தொட்டி மூடியிருக்கு. சரக்கு வெள்ளையா, கண்ணாடியாவும் இல்லை. உள்ள எதையும் யாரும் பார்க்க முடியாது.

அவர் முதல்ல சேர்ந்தது தொட்டி காலி பண்ற வேலைக்கு. அடி வால்வைத் திறந்து டிரம் டிரம்மா பிடிப்பார். சரக்கு பாதி இறங்கினப்புறம் ஒரு கலர் கோடு வரும். அப்புறம் சுத்தமா வரும். முக்கால் இறங்கினப்புறம் இன்னொரு கோடு. எல்லாக் கெட்ட பேட்ச்லயும் ரெண்டே ரெண்டு கோடு, அதே ரெண்டு இடத்துல. "அப்போ பிளேடுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எதுவோ சுத்திக்கினே கீது, வெளியே வர மாட்டுது. அப்படித்தானே இருக்கணும்?" ஆபரேட்டர் ஆனப்புறம் வேகத்தை மாத்தி மாத்திப் பார்த்திருக்கார். கோடு வர்றது நின்னுபோச்சு.

அன்னிக்கு ரிட்டர்ன் டிரெயின்ல நோட்டை விரிச்சேன். மேனேஜருக்குக் காட்டுற அவசரத்துல நான் வேக கிராஃபை மட்டும் போட்டிருந்தேன். திரும்பி வந்த பேட்ச் லிஸ்ட் வேற பேப்பர்ல இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்லை. பதினெட்டு பேட்ச். அதுல அஞ்சு திரும்பி வந்திருக்கு. அண்ணன் ஓட்டினது ஆறு. திரும்பி வந்ததுல அவரோடது ஒண்ணுகூட இல்லை. பதினெட்டுங்கிறது சின்ன எண்ணிக்கைதான், இதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு ஸ்டாடிஸ்டிக்ஸ் வாத்தியார் சொல்வார். ஆனா அதே பதினெட்டை வெச்சுத்தானே நான் ஒருத்தருக்கு மெமோ வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன்?

மறுநாள் சனிக்கிழமை. பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவுல அஞ்சு லிட்டர் கிளிசரின் வாங்கி, லேப் அண்ணாவைக் கெஞ்சிக் காலேஜ் லேபைத் திறக்கவெச்சேன்.

ஏன் கிளிசரின்? இங்கதான் ரெய்னால்ட்ஸ் எண் வர்றார். ஓடுற வேகம் ஒரு பக்கம் இழுக்குது, திரவத்தோட பிசுபிசுப்பு இன்னொரு பக்கம் பிடிச்சு வைக்குது. யார் கை ஓங்கியிருக்குன்னு சொல்ற எண் அது. தொட்டியில 10,000-க்கு மேல போனா நல்ல கொந்தளிப்பு, தானா கலந்துடும். 10 பக்கத்துல வந்துட்டா திரவம் கொந்தளிக்காது. அடுக்கடுக்கா, பவ்யமா, போன பாதையிலயே போகும். எங்க ரெசின் தண்ணியைவிட 20,000 மடங்கு கெட்டி. 60 சென்டிமீட்டர் பிளேடு, 40 சுத்துன்னு கணக்குப் போட்டா வர்றது சுமார் 12! அந்தத் தொட்டியே முன்னாடி மெல்லிசா இருந்த ஒரு சரக்குக்காக வாங்கினதாம். சரக்கு மாறிடுச்சு, தொட்டியும் எஸ்.ஓ.பி.யும் மாறலை. இந்தக் கெட்டிக்கு நியாயமா சுவரை ஒட்டிச் சுத்துற நங்கூர பிளேடோ, ரிப்பன் மாதிரி திருகு பிளேடோ இருக்கணும்.

கிளிசரினை ரெண்டு லிட்டர் பீக்கர்ல ஊத்தி, அஞ்சு சென்டிமீட்டர் பிளேடை 140 சுத்துல ஓட்டினா அங்கயும் அதே 12 வரும். சைஸ் வேற, எண் ஒண்ணு, அதனால உள்ள ஓட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணு. புரோமோதைமால் புளூ போட்டு, துளி காரம் சேர்த்து முழுசையும் நீலமாக்கினேன். அப்புறம் ஓடிட்டிருக்கும்போதே கொஞ்சம் ஆசிட். எங்கெல்லாம் கலக்குதோ அங்கெல்லாம் நீலம் மஞ்சளாகணும்.

மஞ்சள் பரவிச்சு. ஓரம், அடி, மேல்பரப்பு. அஞ்சு நிமிஷத்துல முக்கால்வாசி மஞ்சள். ஆனா பிளேடுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு... ரெண்டு நீல வளையம். அப்படியே மெதுவடை ஷேப்! நடுவுல ஓட்டையில தண்டு. பத்து நிமிஷம், இருபது, நாப்பது... அது பாட்டுக்குச் சுத்துது, மஞ்சளை உள்ளே விடவே மாட்டேங்குது. லேப் அண்ணா எட்டிப் பார்த்துட்டு, "என்னம்மா இது, பேயா?"ன்னார்.

டிரைவை 70-க்கு இறக்கினேன். அரை நிமிஷம். 210-க்கு ஏத்தினேன். அரை நிமிஷம். மறுபடி 70. வேகம் மாறும்போது வளையத்தோட சைஸும் இடமும் மாறுது. முன்னே உள்ள இருந்த திரவம் இப்போ வெளிப் பாதையில மாட்டுது. நீலம் நூல் நூலா பிரிஞ்சு, பத்து நிமிஷத்துக்குள்ள மொத்தமும் மஞ்சள்.

கொஞ்சம் தேடினதும் கிடைச்சுது. அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்ஸியோ குழு இதையே 1996-ல ஆராய்ச்சிக் கட்டுரையா போட்டிருக்கு. கெட்டித் திரவத்துல வளையங்கள் தனியா நின்னுடும், வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டினா உடைஞ்சுடும்னு. அவங்களுக்குக் கண்ணாடித் தொட்டியும் ஃப்ளோரசன்ட் சாயமும் இருந்துச்சு. அண்ணனுக்கு ஒரு அடி வால்வு.

திங்கக்கிழமை காலைல மேனேஜர் ரூம். வயித்துல ஒரு அஜிட்டேட்டர் ஓடுது எனக்கு. "சார், வெள்ளிக்கிழமை நான் காட்டினது பாதிதான்"னு ஆரம்பிச்சு, ரெண்டு லிஸ்ட்டையும் ஒரே பேப்பர்ல வெச்சு, வீடியோவை ஓட்டினேன். அவர் நல்ல இன்ஜினீயர், அதைச் சொல்லியாகணும். வீடியோவை மூணு தடவை பார்த்தார். "மூணு பேட்ச் டிரையல் எடுப்போம்"னார். வேற ஷிஃப்ட் ஆள், அண்ணன் சொன்ன மாதிரி ஏத்தி இறக்கி ஓட்டினார். மூணும் கோடு இல்லாம போச்சு.

என் கடைசி வாரம் எஸ்.ஓ.பி. மாறிச்சு. 25-ம் 60-ம் மாத்தி மாத்தி, இத்தனை நிமிஷம்னு அழகா டைப் அடிச்சு, லேமினேட் பண்ணி பேனல் பக்கத்துல ஒட்டியாச்சு. கீழ 'தயாரித்தவர்', 'சரிபார்த்தவர்', 'ஒப்புதல் அளித்தவர்'னு மூணு கையெழுத்து. அண்ணன் பேர் எங்கேயும் இல்லை. கேட்டேன். ஆபரேட்டர் பேர் போடுற வழக்கம் இல்லையாம். மெமோ? "அனுப்பலை"ன்னு சொன்னாங்க. கிழிச்சுட்டாங்களான்னு கேட்டதுக்கு, "அது ஃபைல்ல இருக்கும், விடுங்க"ன்னாங்க.

என் ரிப்போர்ட்லயாவது நன்றி பக்கத்துல அவர் பேரைப் போடறேன்னு சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அதெல்லாம் வேணாம்மா. இத்தனை வருஷம் பேப்பர்ல இல்லாத மாதிரி ஓட்டிக்கினு இருந்தான்னு அதையே திருப்பிக் கேப்பாங்க." அதனால இந்தக் கட்டுரையிலயும் அவர் வெறும் அண்ணன்தான்.

கடைசி நாள். டீக்கடை. செல்லுல வீடியோவைக் காட்டினேன். பதினோரு வருஷமா தொட்டிக்குள்ள இருக்கும்னு தனக்குள்ளேயே நினைச்சிருந்ததை அவர் முதல் தடவையா கண்ணால பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இதுல ரெண்டும் ஒரே சைஸா கீதே? நம்ம தொட்டில கீழ் வளையம் சின்னதா இருக்கும். பிளேடு அடியை ஒட்டித்தானே கீது, எடம் ஏது?"ன்னார். நான் யோசிச்சேன். கரெக்ட். பீக்கர்ல நான் பிளேடை நட்ட நடுவுல வெச்சிருந்தேன்!

மாஸ்டரைக் கூப்பிட்டு ரெண்டு மெதுவடை வாங்கினார். ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா பார்த்து எடுத்தார். சின்னதைக் கீழ வெச்சு, பெருசை அதுக்கு மேல அடுக்கி, ரெண்டு ஓட்டை வழியாவும் டீ ஸ்பூனை நேரா செருகி, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்படி."

ஸ்பூனை மெதுவா உருவிட்டு, பெரிய வடையை என்கிட்ட கொடுத்தார்.